சகலன் திருத்திய கார் மெசின்

என் சகலன் மாப்பிள்ளையாக வந்து இறங்கிய முதல் நாளே எங்கள் வீட்டுக் கிணற்றைக் குறை சொன்னான். குறை என்று நினைத்து அவன் சொல்லவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, "தண்ணி கொஞ்சம் உவர்க்குது, என்ன அண்ணன்?" என்று பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டான். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கே அவனைப் பிடிக்காமல் போயிற்று.

அவனுடைய ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். வட்டை வயல் ஓரத்தில் கிணறு, இளநீர் மாதிரித் தண்ணீர். எங்களுடையது கல்லடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். சுனாமி வந்தபோது கிணற்றுக்குள் கடலை ஊற்றிவிட்டுப் போனது. இறைத்தோம், திரும்பவும் இறைத்தோம், குளோரின் போட்டோம். நீண்ட காலம் பவுசர் லொறியில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம். பிறகு பவுசர் வராமல் நின்றுவிட, வேறு வழியில்லாமல் கிணற்றுக்கே திரும்பினோம். கொஞ்ச நாளில் நாக்குக்கு அந்த உவர் பழகிவிட்டது. நல்ல தண்ணீர் என்றே நம்பத் தொடங்கிவிட்டோம். அதை ஒருவன் வந்து முதல் செம்பிலேயே சொன்னால் யாருக்குத்தான் எரியாது?

எங்கள் பக்கத்தில் வீடு வளவு எல்லாம் பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சூட்கேசும் ஒரு சோல்டரிங் அயனுமாக இந்த வளவுக்குள் வந்தவன். பத்து வருடத்துக்கு மேல் இங்கே ஒரே மருமகன் நான்தான். மாமி கொடுவா மீன் வாங்கினால் தலை எனக்கு. கோயில் விசேசம் என்றால் முதல் வேட்டி எனக்கு. யுத்தம் முடிந்த வருடம் மனைவியின் தங்கச்சிக்குக் கலியாணம் ஆனது. அவளுக்கென்று அதே வளவில், நிவாரணத்தில் கட்டிக் கிடைத்த வீடு இருந்தது. கடைசி மகளோடு தாய் போய் இருப்பதுதான் வழக்கம். மாமி தன் பாய் தலையணையோடு இருபது அடி தள்ளி அந்த வீட்டுக்குப் போனார். கொடுவாத் தலையும் போனது. என் மனைவியும் நன்றாகத்தான் சமைப்பாள். ஆனால் இது சமையல் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

நான் பொறாமைக்காரன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அடுத்தவனின் சைக்கிள் பெல் என்னுடையதைவிடக் கணீரென்று அடித்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. ஆனாலும் சகலன் வரும்வரை என் பொறாமை ஒருவருக்கும் கெடுதி செய்ததில்லை. எனக்குள்ளேயே புகைந்து எனக்குள்ளேயே அணைந்துவிடும்.

இனி அந்த மெசினைச் சொல்ல வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் வெளிநாட்டு நிவாரணக்காரர்கள் எங்கள் வாசிகசாலையில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் செய்து கொடுத்தார்கள். ஊஞ்சல், கரம் போர்ட், கதைப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கார் மெசின். ஆள் உயரப் பெட்டி. உள்ளே கதிரை, ஸ்டியரிங், காலால் மிதிக்க இரண்டு பெடல், முன்னால் பெரிய டியூப் வைத்த திரை. கதிரையில் இருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் திரையில் மலைப்பாதை ஓடும். கடலைக் கண்டாலே தாயின் சீலைக்குள் ஒளிந்த பிள்ளைகள், அதில் ஏறி இருந்தால் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அதற்காகவே பெரியவர்களும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில் இருந்த பகுதியில், சண்டை பெருத்த காலத்தில் நிவாரணக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மெசினும் ஒரு நாள் திடீரென்று நின்றது. வாசிகசாலைக் கமிட்டியார் அதை லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து என் கடையில் இறக்கினார்கள். என் கடை என்றால் வீட்டின் முன் அறை. ரேடியோ, டிவி, அயன்பெட்டி திருத்துவேன்.

என்னிடம் ஏன் கொண்டுவந்தார்கள் என்றால், சுனாமிக்குப் பிறகு என் பெயர் ஊரில் அப்படி ஏறியிருந்தது. மணலும் சேறும் அடைந்த டிவிகளைச் சனம் கொண்டுவந்து குவித்தது. மற்றக் கடைக்காரர்கள் உடனே கரண்ட் கொடுத்துப் பார்த்துக் கருக்கினார்கள். நான் திறந்து, போர்ட்டைக் கழற்றி, பவுசர் தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் கரண்ட் கொடுப்பேன். பல பெட்டிகள் எழும்பின. செத்த டிவியை எழுப்புகிறவன் என்று சொன்னார்கள். அந்த ஒரு வருடத்தில் நான் கழுவிய போர்ட்டுகளுக்குக் கணக்கில்லை. கை தானாகவே கழுவும். எது வந்தாலும் முதலில் கழுவு.

கார் மெசினின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே டிவியில் இருப்பது போன்ற போர்ட் இல்லை. ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதுவரை நான் கம்பியூட்டரில் கை வைத்ததில்லை. தெரியாது என்ற சொல் என் வாயில் வராது; மனைவி அதை என் வியாதி என்பாள். கமிட்டித் தலைவர், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கிழமையில எடுக்கலாம் சேர்," என்றேன்.

படத்துக்கென்று தனியாகச் செருகியிருந்த சின்னக் கார்ட்டைப் பிடுங்கி, காகிதத்தில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். பெரிய போர்ட்டைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அப்போது கலியாணம் ஆகாமல் இருந்த மச்சாள், என் மனைவியின் தங்கச்சி, உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணி அள்ளி ஊத்து," என்றேன். அவள் வாளி வாளியாக ஊற்ற நான் பிரஷால் தேய்த்தேன். அந்த மெசின் சுனாமியைக் கண்ட மெசின் இல்லையே, கடல் வந்து போன பிறகுதானே ஊருக்கு வந்தது, அதை ஏன் கழுவுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பவுசர் தண்ணீர் நின்று எவ்வளவு காலம், ஊற்றுவது எந்தத் தண்ணீர் என்றும் தோன்றவில்லை.

மூன்று நாள் காயவைத்துக் கரண்ட் கொடுத்தேன். பழுதான பவர் பெட்டிக்குப் பதிலாக வேறொன்றை ஒட்டிப் பார்த்தேன். டப் என்று ஒரு சத்தம், மூக்கை அரிக்கிற ஒரு மணம். அதோடு சரி.

"பார்ட்ஸ் வெளிநாட்டில இருந்து வரணும் சேர்," என்று தலைவரிடம் சொன்னேன். இரண்டு வருடம் அதையேதான் சொன்னேன். மெசின் கடை மூலையில் படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் கேட்டு வந்து, பிறகு கேட்பதை நிறுத்தி, பிறகு வளர்ந்துவிட்டார்கள்.

சகலன் வந்து ஒரு கிழமை இருக்கும். என் கடைக்குள் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான். அவன் இடம்பெயர்ந்து இந்தப் பக்கம் முகாமில் இருந்த காலத்தில் டவுனில் கம்பியூட்டர் திருத்தப் படித்தவன். பிறகு ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தான். வேலைத்திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்திருந்தது.

"அண்ணன், இதுக்குள்ள இரிக்கிறது சும்மா கம்பியூட்டர்தானே. வேற பழைய போர்ட் ஒண்டப் போட்டா எழும்பிரும்."

அந்தச் சும்மா என்ற சொல் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடம் வெளிநாடு வெளிநாடு என்று நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்லில் காற்றாகப் போனது.

செய்தி தலைவர் காதுக்குப் போனது. வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் முடியும் தறுவாயில் இருந்தது. அதில் ஓர் அறை மிச்சம். திறப்பு விழாவுக்கு முன் மெசினை ஓட வைக்கிற ஆளுக்கு அந்த அறையைத் தருவோம், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தொழில் பழக்கிக்கொண்டு கடையும் நடத்தலாம் என்று கமிட்டி சொன்னது. எனக்குக் கடை இருந்தது. சகலனுக்கு ஒரு வேலையும் இல்லை, இடமும் இல்லை. மாமியார் வீட்டு முற்றத்தில் பகல் முழுக்கக் கதிரை போட்டு இருப்பது ஓர் ஆணுக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும்; வந்த புதிதில் நானும் இருந்திருக்கிறேன். அந்த அறை அவனுக்கு வேண்டும். அது தெரிந்தும் எனக்கு அவன் தோற்க வேண்டும் போல இருந்தது.

தலைவரும் இன்னும் இரண்டு பேரும் வந்து நிற்க, சகலன் மெசினுக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து மேசையில் வைத்தான். போர்ட்டில் பாகங்களின் கால்கள் ஊன்றிய இடமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அவன் அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

அவன் கண் ஒரு தரம் ஜன்னலுக்கு வெளியே, கிணற்றுப் பக்கம் போய் வந்தது. அந்த ஒரு கணத்தில்தான் எனக்கே விளங்கியது. மெசினில் பழுதாகியிருந்தது பவர் பெட்டி மட்டும். போர்ட்டைச் சாகடித்தது நான். உவர்த் தண்ணீரில் குளிப்பாட்டிக் கரண்ட் கொடுத்திருக்கிறேன்.

"என்ன தம்பி பழுது?" என்று தலைவர் கேட்டார்.

"உப்புப் பிடிச்சிரிக்கு சேர். கப்பல்ல வரக்குள்ள கடக்காத்துப் பட்டிரிக்கும். மெல்ல மெல்ல அரிச்சிரிக்கு. ஆராலும் ஒண்டும் செய்திருக்க ஏலாது."

தலைவர் தலையாட்டினார். என்னைக் காப்பாற்றிவிட்டான். நன்றி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஆத்திரம். நேற்று வந்தவன், என் மானத்தை எனக்கே பிச்சை போடுகிறானா? அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவனை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை.

அவர்கள் போன பிறகு மேசையைப் பார்த்தபடி கேட்டான். "அண்ணன், படத்துக்குத் தனிக் கார்ட் ஒண்டு இரிந்திருக்கணும். இந்தா, அதுக்குரிய இடம் சும்மா கிடக்கு."

அலுமாரி அவனுக்குப் பின்னால்தான் இருந்தது.

"இல்லையே. வரக்குள்ளயே அப்பிடித்தான் வந்த," என்றேன்.

வேலை தொடங்கினான். டவுனில் கழித்துவிட்ட கம்பியூட்டர்களிலிருந்து பவர் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். பழைய போர்ட் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஹார்ட் டிஸ்க் தப்பியிருந்தது. விளையாட்டு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது என்று முதலில் அதை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசல் டிஸ்க்கைத் துணியில் சுற்றி மாமியிடம் கொடுத்து வைத்தான். பழைய போர்ட்டுக்குப் பழகிய டிஸ்க் புதுப் போர்ட்டை ஏற்றுக்கொள்ள மறுத்தது. பரிசோதிக்க வைத்திருந்த சின்ன மொனிட்டரில் நீலத் திரை வந்து நின்றுவிடும். நான் என் கதிரையில் இருந்து ஒரு ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீலம் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சரியான விசரன் நான். அந்த நாட்களில் நான் திருத்திய ரேடியோ ஒன்றும் ஒழுங்காகப் பாடவில்லை.

மாமி தேத்தண்ணீர் கொண்டு வருவார். இரண்டு கோப்பை. முதல் கோப்பை அவன் கையில். "பாவம், காலத்தால இரிந்து குனிஞ்சபடி இரிக்காரு சின்ன மருமகன்," என்பார். நான் பத்து வருடமாகக் குனிந்தபடி இருந்தவன். அதை யாரும் பாவம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

மூன்றாவது போர்ட் பழையதன் இனமே. டிஸ்க் அதை ஏற்றுக்கொண்டது. மெசினுக்குள் வைத்துப் பூட்டிக் கரண்ட் கொடுத்தான். ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு வீட்டிலிருந்தும் எல்லோரும் ஓடி வந்தார்கள். என் மனைவி கையில் அகப்பையோடு வந்தாள். திரையில் படம் வரவில்லை. சரிந்து சரிந்து கிழிந்த கோடுகள் மட்டும் ஓடின.

பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. பார்க்கக்கூட வேண்டாம், டியூப் போட்ட சத்தமே போதும். அது டிவி இனத்து டியூப். டிவியின் வேகத்துக்குத்தான் கோடு கீறும். கம்பியூட்டர் அனுப்பும் படம் அதைப் போல இரண்டு மடங்கு வேகம். அந்த வேகத்தை டியூப்புக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கிற வேலையைத்தான் அந்தச் சின்னக் கார்ட் செய்துகொண்டிருந்தது. என் அலுமாரிக்குள், காகிதத்துக்குள் இருந்த கார்ட்.

"அண்ணன், டியூப் உங்கட பாடம். எனக்கு இதில ஒண்டும் தெரியாது. ஒருக்காப் பாருங்களன்," என்றான்.

தெரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்! அதிலும் எனக்குப் பொறாமைதான். நான் குனிந்து பார்ப்பது போலப் பார்த்தேன். பின்னால் இரண்டு இடத்தில் தட்டினேன்.

"டியூப் முடிஞ்சுது தம்பி. இதுக்கு இனி டியூப் எடுக்க ஏலாது."

அவன் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் விடவில்லை. கம்பியூட்டர் மொனிட்டரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். பெரிய ஜன்னலில் தபால் முத்திரை ஒட்டியது போல இருந்தது. பெரிய மொனிட்டர் தேடி நாவற்குடா, டவுன் என்று சைக்கிளில் திரிந்தான். விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் என்னிடம் கேட்டார்கள், உங்கட சகலன் மெசினை எழுப்பிவிட்டாரா என்று.

"அக்கரையில இரிந்து வந்தவரெல்லோ, பாப்பம்," என்று சிரித்தேன். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வாவிக்கு இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்தாரைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம்தான். அவர்களும் எங்களைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்று நாள் கழித்துச் சலூனில் தலைமுடி வெட்ட இருந்தேன். கழுத்தில் துணி கட்டியிருந்தது. பின்னால் வாங்குப் பலகையில் இருந்த ஒருவர், எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லாதவர், பேப்பரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த மெசின் திருத்துற ஆள் படுவான்கரையாமே. அங்கால அந்த நேரம் கம்பியூட்டர் ஆருட்ட இரிந்த? எங்க படிச்சவர், என்ன செய்தவர் எண்டு ஒருக்கா விசாரிக்கத்தான் வேணும்."

அந்த வருடத்தில் விசாரிப்பது என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. சலூனில் சொன்னது பாலத்தடி ஆமிச் சென்றிப் பொயின்ட்டுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்காது. பிறகு ஒரு வாகனம் வரும். அப்படி வந்த வாகனங்களில் ஏறிப்போன ஆட்களின் பெண்சாதிமார் எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி இருந்தார்கள். என் மச்சாள் அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள்.

நான் சிரித்ததுதான் இப்படி உருண்டு திரண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியில் அந்த மனிதரைப் பார்த்து, "அவர் என்ட சகலன். இஞ்ச முகாமில இரிந்து படிச்சவர். நானறிய ஒரு பிழையும் இல்லாத மனிசன்," என்று சத்தமாகச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்து, "நான் சும்மா சொன்ன," என்றார். பாதி வெட்டிய தலையோடு எழும்பி வீட்டுக்கு ஓடினேன். ஆம், பாதி வெட்டிய தலையோடு. மனைவி பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலுமாரியைத் திறந்து கார்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். சகலன் மெசினுக்குள் தலையை விட்டபடி இருந்தான்.

"தம்பி, இது அலுமாரிக்குள்ள கிடந்த. மறந்துபோனன்."

காகிதத்தைப் பிரித்தான். கார்ட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் ஒரு பொட்டு உப்பு இல்லை. கழுவுவதற்கு முன்பே கழற்றி, பத்திரமாகச் சுற்றி வைத்த சாமான் என்று அது தானே சொன்னது. மறந்து போகிறவன் இப்படிச் சுற்றி வைக்க மாட்டான். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் பாதித் தலையையும் பார்த்தான்.

"சரி அண்ணன். போட்டுப் பாப்பம்."

போட்டான். கோடுகள் நிமிர்ந்து படமாயின, ஆனால் படம் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருந்தது. நான் டியூப்புக்குப் பின்னால் போய், பிளாஸ்டிக் திருப்புளியால் ஒரு திருகாணியை மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். அவன் முன்னால் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும், ஆ, காணும்" என்றான். மலைப்பாதை வந்து நின்றது. அவன் கைகொட்டிச் சிரித்து, என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான். நான் காரை நேரே கொண்டுபோய் மலையில் மோதினேன். இருவரும் சிரித்தோம். அந்த ஐந்து நிமிடமும் எனக்கு அவனில் ஒரு பொறாமையும் இருக்கவில்லை. அவனை எனக்குப் பிடித்திருந்தது.

சத்தம் கேட்டு மாமி வந்தார். "ஆர் மனே செய்த?" என்று கேட்டார்.

"அண்ணன்தான் மாமி," என்றான் சகலன். "படத்தக் கொண்டுவந்தது அவர்தான்."

தலைவரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறான். ஏன் சொன்னான் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே வளவில் இரண்டு மருமகன். மூத்தவனின் முகத்தில் கரி பூசிவிட்டு இளையவன் அங்கே எப்படிக் காலம் தள்ளுவது? இரண்டு அக்கா தங்கச்சிக்கு நடுவே வேலி விழுந்துவிடும். அதை நினைத்துத்தான் விட்டுக் கொடுத்திருப்பான். அறையை எப்படியும் தனக்குத்தான் தருவார்கள் என்றும் நம்பியிருப்பான்.

விழா பின்னேரம் நடந்தது. வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, மெசினுக்கும் சந்தனம் குங்குமம் பூசியிருந்தார்கள். தலைவர் மைக்கில் நீளமாகப் பேசினார். சுனாமி, யுத்தம், பிள்ளைகள் என்று போய்க் கடைசியில் மெசினுக்கு வந்தார். இரண்டு வருடம் பாகங்களுக்காகக் காத்திருந்து, விடாமுயற்சியோடு இதை எழுப்பித் தந்தவர் என்று என்னைச் சொன்னார். இளைய மருமகனும் ஒத்தாசை செய்தார் என்றார். கட்டடத்தின் மூன்றாவது அறையை என் பெயருக்கு ஒதுக்கியிருப்பதாக அறிவித்து, அறைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

மைக்குக்கு முன்னால் நின்றேன். சகலன் முதல் வரிசையில் இருந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அறை என்ற சொல் விழுந்தபோது அவன் கை கதிரைச் சட்டத்தை ஒரு தரம் இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன்.

"இந்த மெசின் பழுதாப் போனதுக்குக் காரணமே நான்தான்," என்றேன். "திருத்தினதும் நான் இல்லை. என்ட தம்பிதான். பாராட்டெல்லாம் அவருக்குத்தான் சேரணும்."

கைதட்டு எழும்பியது. பெண்கள் பக்கத்தில் யாரோ, "பாத்தீங்களா, என்ன தன்னடக்கம்!" என்றார்கள். தலைவர் வந்து என் தோளை அணைத்து, மைக்கில், "பெரிய மனிசர் இப்பிடித்தான் கதைப்பாங்க," என்றார். கைதட்டு இன்னும் பலத்தது. சகலனும் தட்டினான். எனக்கு அந்தச் சத்தம் இனித்தது. உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, மாலையும் விழுந்தாயிற்று.

மேடையை விட்டு இறங்கி மரத்தடிக்கு வந்தேன். மச்சாள் அங்கே நின்றாள். அவள் கை தட்டவில்லை.

"மச்சான், அண்டைக்குக் கிணத்தடியில தண்ணி ஊத்தித் தந்தவ நான்," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அதுக்குத்தானே இப்ப மைக்கில சொன்னன்."

"என்னத்தச் சொன்ன நீங்க? அந்தக் கார்ட்டில ஒரு பொட்டு உப்பு இல்லாதத நானும் பாத்தன். உவர்த் தண்ணில கழுவிக் கெடுத்தன், கார்ட்ட ஒளிச்சு வெச்சன் எண்டு சொல்லியிருந்தா சனம் நம்பியிரிக்கும். சனம் நம்பாத மாதிரிப் பாத்துத்தானே சொன்ன."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கதிரையிலிருந்து மைக் வரைக்கும் நடந்த அந்தப் பத்து எட்டில் நான் சொற்களைத் தெரிந்தெடுத்தது எனக்குத் தெரியும். கிணறு என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு வேறு சொல்லை எடுத்தேன்.

அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள். மைக்கை யாரும் நிறுத்தவில்லை. பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கிப் போயிருந்தார். மைக் மேடையில் தனியே நின்றது. மெசினுக்குப் பின்னால் சகலன் முழங்காலில் இருந்து வயரைச் செருகிக்கொண்டிருந்தான். நான் கையிலிருந்த திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீர் கொடுக்கும் பக்கம் போனேன்.